உலையிலே பிறந்த வாள்

பேதுருவின் பல் ஒன்று, பேசிலின் குருதி சில துளி, டெனிசின் தலைமயிர், மரியாளின் ஆடைக் கிழிசல். இத்தனையும் ஒரு வாளின் பிடிக்குள்ளே அடைத்து வைக்கப்பட்டிருந்தனவாம்! பிரெஞ்சு நாட்டின் பழங்காப்பியமான 'ரோலந்தின் பாடல்', தன் நாயகன் ஏந்திய துராந்தால் என்னும் வாளைப் பற்றி அப்படித்தான் கூறுகிறது. வானவன் இறங்கி வந்து ஆணையிட்டானாம். பேரரசன் சார்லமேன் அதன்படி அந்த வாளை ரோலந்துக்குத் தந்தானாம். வாள் வென்றால் பல்லின் மகிமை! பகைவன் தலை உருண்டால் மயிரின் மகிமை! வாளை அடித்தவன் யார், அவன் எத்தனை நாள் உலை முன்னே வெந்தான் என்ற கேள்வி மட்டும் காப்பியத்திலே எழவில்லை.

எழாத அந்தக் கேள்வியை நாம் எழுப்புகிறோம். விடை ஏட்டிலே குறைவு. உலையிலே நிறைய இருக்கிறது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடந்த சில பத்தாண்டுகளாகச் சில கொல்லர்கள் ஒரு விந்தையான வேலையிலே ஈடுபட்டிருக்கிறார்கள். நைட் எனப்பட்ட இடைக்காலக் குதிரைவீரப் பிரபுக்கள் இரு கையாலும் பற்றிச் சுழற்றிய நெடுவாளை, பழைய முறையிலே கையாலேயே மீண்டும் செய்து பார்க்கிறார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் உறங்கும் வாளை எடுத்து, எடைபோட்டு, அலகின் கனம் எங்கெங்கே கூடுகிறது, எங்கெங்கே குறைகிறது என்று மில்லிமீட்டர் கணக்கிலே குறித்துக்கொண்டு, பிறகு சம்மட்டியைத் தூக்குகிறார்கள். சுவீடன் நாட்டு வாட்கொல்லர் பீட்டர் ஜான்சன் இவர்களிலே பெயர் பெற்றவர். சுவீடனை ஆண்ட ஸ்வாந்தே நீல்சன் 1512 இல் மாண்டபோது, வெஸ்டெரோஸ் நகரத்துப் பெரிய தேவாலயத்திலே அவனை வாளோடு புதைத்தார்கள். கல்லறையிலிருந்து கிடைத்த அந்த வாளை ஆராய்ந்து, அதற்கு மறுபிறவி கொடுத்தவர் ஜான்சன். மறுபிறவி என்றதும் புராணிகர் மகிழ வேண்டாம். இது கரியும் காற்றும் கைத்திறனும் தருகிற மறுபிறவி! 2015 இல் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்தி அருங்காட்சியகம், வாளின் வடிவக் கணக்குப் பற்றிய அவருடைய ஆராய்ச்சியை முன்வைத்து ஒரு பெருங்கண்காட்சியே நடத்தியது.

போர்வெறியை வளர்க்கவா இந்த வேலை என்று கேட்போர் இருக்கக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: ஆயிரம் கதைகள் சுமத்தப்பட்ட ஒரு பொருளைக் கையாலே செய்து பார்த்தால், எந்தக் கதை நிற்கும், எந்தக் கதை விழும் என்பது தெரிந்துவிடும்.

முதலில் விழுந்தது எடையைப் பற்றிய கதை. நைட்டின் வாளைத் தூக்கவே தெய்வபலம் வேண்டும் என்பார்கள். தராசு என்ன சொல்கிறது? நெடுவாள்களில் பெரும்பாலானவை 1.1 கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை! ஏறத்தாழ ஒரு படி அரிசியின் எடை. நம் வீட்டுத் தாய்மார்கள் நாள்தோறும் தூக்குகிற எடை அது. நீளமோ, பிடியும் சேர்த்து ஒரு மீட்டருக்கு மேல். அவ்வளவு நீளத்தை அவ்வளவு குறைந்த எடையிலே அடக்கியது எப்படி? அங்கேதான் கொல்லனின் மூளை இருக்கிறது. பிடியருகே தடித்திருக்கும் அலகு, நுனியை நோக்கிப் போகப்போக மெலிகிறது. பிடியின் கோடியிலே உள்ள இரும்புக் குமிழ் எதிர்ப்பாரமாகிக் கையிலே சமநிலை தருகிறது. அலகின் நடுவே ஓடுகிறதே நீண்ட பள்ளம், அதைக் 'குருதி வடிவதற்கு வைத்த வாய்க்கால்' என்று கதை கட்டினார்கள். குருதிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. விறைப்பைக் குறைக்காமல் எடையைக் குறைக்கும் உபாயம் அது.

இனி உலைக்களத்துக்குப் போவோம். தொழிற்சாலையிலே வார்த்த உருக்குப் பட்டையை வாங்கி வேலையைத் தொடங்குவோரே மிகுதி. ஆனால் முழுக்க முழுக்கப் பழைய முறையிலே செய்ய விரும்புவோர், மண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். களிமண் சூளை, அதிலே இரும்புத் தாதும் மரக்கரியும் மாறி மாறி, துருத்தியோ ஓயாமல் ஊத வேண்டும். இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். இந்தச் சூளையோ அந்த அளவை எட்டாது. 1,200 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆகவே இரும்பு உருகாமல், பஞ்சுபோலப் பொத்தலான ஒரு கட்டியாகத் திரள்கிறது. உருகி ஓடுவது கிட்டம்தான். அந்தக் கட்டியை எடுத்து, சூடு ஆறுமுன் அடித்து அடித்து, எஞ்சிய கிட்டத்தைப் பிழிந்தெடுத்து, மடித்து, மீண்டும் காய்ச்சி ஒட்டவைத்து, மீண்டும் மடித்து... எத்தனை முறை! பொங்கிச் சிதறும் பொறியிலே கொல்லனின் கையெல்லாம் புள்ளி புள்ளியாக வடு.

ஒருவன் வேலையா இது? சுரங்கத்திலே தாது தோண்டியவன் ஒருவன். காட்டிலே மரத்தை அடுக்கி மண்ணால் மூடி, தீ கிளர்ந்துவிடாமல் இரவு பகலாகக் காவல் இருந்து கரி சுட்டவன் ஒருவன். துருத்தி இழுத்த சிறுவன் ஒருவன். பாணர் யாருக்கும் இவர்கள் பெயர் தெரியாது.

அலகு உருவான பிறகுதான் ஆபத்தான கட்டம் வருகிறது. அதுவே தோய்ச்சல்: செந்தணலாகக் காய்ந்த அலகைச் சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்துவது. சூடு குறைந்தால் கடினம் ஏறாது. மிகுந்தால் அலகு நொறுங்கும். இன்றைய கொல்லர் சிலர் காந்தத்தை வைத்துப் பார்க்கிறார்கள். 770 டிகிரியை நெருங்கும்போது இரும்பு காந்தத்தை ஒட்டாமல் கைவிட்டுவிடும். அன்றையக் கொல்லனுக்கு ஏது காந்தச் சோதனை, ஏது வெப்பமானி? இருட்டறையிலே நின்று, தணலின் நிறத்தைக் கண்ணாலே அளந்தான். அமிழ்த்திய நொடியிலே 'டிக்' என்று ஓர் ஒலி எழுந்தால், அலகிலே விரிசல். பல நாள் உழைப்பு அந்த ஓர் ஒலியோடு போயிற்று!

தோய்ச்சலைச் சுற்றி எழுந்த மூடநம்பிக்கையோ கொஞ்சநஞ்சமல்ல. 12 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தியோபிலஸ் என்ற துறவி, கைத்தொழில்களைப் பற்றி ஓர் அரிய நூல் எழுதினார். உண்மையிலேயே அரிய நூல்தான். வேலை தெரிந்தவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் புலப்படும். அவரே இரும்புக் கருவிகளுக்குத் தோய்ச்சல் போட என்ன சொல்கிறார்? ஆட்டைக் கட்டிவைத்துப் பெரணித் தழை ஊட்டி, அதன் சிறுநீரைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம்! அல்லது செந்நிறத் தலைமயிர் கொண்ட சிறுவனின் சிறுநீர் வேண்டுமாம்! 1532 இல் ஜெர்மனியிலே அச்சான ஒரு சிறுநூல் மண்புழுச் சாற்றையும் முள்ளங்கிச் சாற்றையும் பரிந்துரைக்கிறது.

நகைக்கிறோம். ஆனால் நகைத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. ஏனெனில் சிறுநீரிலே தோய்த்த இரும்பு மெய்யாகவே நன்கு கடினப்பட்டது! காரணம் என்ன? தணலான இரும்பை வெறும் நீரிலே இட்டால், நீராவி ஒரு போர்வைபோல அதைச் சூழ்ந்துகொண்டு குளிர்ச்சியைத் தடுக்கும். நீரிலே உப்புக் கரைந்திருந்தால் அந்தப் போர்வை கிழிந்து, இரும்பு விரைவிலே குளிரும். சிறுநீரிலே உப்பு இருக்கிறது. எந்தச் சிறுவனின் சிறுநீரிலும் இருக்கிறது. கருந்தலையனானால் என்ன, செந்தலையனானால் என்ன! வேலை செய்தது உப்பு. புகழ் பெற்றது செந்தலை! கொல்லன் கண்ட உண்மையை மடத்து மை தொட்டு எழுதும்போது, காரணத்தோடு காரணமல்லாததும் சேர்ந்து புனிதமாகிவிட்டது. மூடநம்பிக்கை எல்லாமே வெறும் பொய்யிலிருந்து பிறப்பதில்லை. பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு, சோதித்துப் பாராமல் நின்றுவிடுவதிலிருந்தும் பிறக்கிறது.

சோதித்துப் பார்க்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. இரும்புக்கும் உருக்குக்கும் உள்ள வேற்றுமை, கரியின் மூலப்பொருளான கார்பனால் வருவது என்பதை 1781 இல் சுவீடனின் டோர்பெர்ன் பெர்க்மன் சோதனைகள் சுட்டின. 1786 இல் வாண்டர்மாண்ட், பெர்த்தோலே, மோஞ்ச் என்ற மூன்று பிரெஞ்சு அறிஞர்கள் அதைத் தெளிவாக நிறுவினர். நூற்றுக்கு ஒரு பங்குகூட வேண்டியதில்லை. அரைப் பங்கோ முக்கால் பங்கோ கார்பன் போதும், மெல்லிரும்பு வாள் உருக்காக. புனிதரின் பல்லும் மயிரும் செய்ததாகச் சொல்லப்பட்ட வேலையைச் செய்தது அடுப்புக்கரி!

தோய்ச்சலோடு வேலை முடியவில்லை. கடினமான அலகு கண்ணாடிபோல உடையக்கூடியது. அதை மீண்டும் இளஞ்சூட்டிலே காய்ச்ச வேண்டும். வைக்கோல் நிறம் வரும், பழுப்பு வரும், ஊதா வரும், 300 டிகிரியை ஒட்டி நீலம் வரும். வளைந்து நிமிரும் தன்மையைத் தருவது இந்தப் பக்குவம்தான். பிறகு சாணை. பிறகு மரப்பிடி, தோலுறை. இவை பற்றி விரிக்க வேண்டியதில்லை. ஆனால் சாணைக்காரரைப் பற்றிச் சொல்லாமல் போனால் அநீதி. சுழலும் கல்லின் மேல் குனிந்து, கல்தூளை மூச்சோடு இழுத்த தொழிலாளர் அவர்கள். 19 ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து மருத்துவர்கள் அவர்களுடைய நுரையீரல் நோய்க்குச் 'சாணைக்காரர் இரைப்பு' என்றே பெயரிட்டார்கள்.

சோலிங்கனிலே வாள்தொழில் தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்து கிடந்தது. தோய்ச்சல்காரரும் சாணைக்காரரும் 1401 இல் தம் உரிமைப் பட்டயத்தைப் பெற்றனர். வாட்கொல்லர் 1472 இல் பெற்றனர். உரிமை என்ற பெயரிலே விலங்கும் வந்தது: தொழில் இரகசியம் வெளியேறாதிருக்க, ஊரைவிட்டுப் போகமாட்டோம் என்று அவர்கள் ஆணையிட வேண்டும். 1687 அளவிலே சில குடும்பங்கள் இங்கிலாந்தின் ஷாட்லி பிரிட்ஜுக்குச் சென்று உலை மூட்டியபோது, தாயகம் அவர்களைக் குற்றவாளிகளாகவே கருதியது. 

சரி, வாளைச் செய்த இந்தக் கைகள் வாளை ஏந்தலாமா? 1152 இல் ஜெர்மன் மன்னன் பார்பரோசா பிரெடெரிக் பிறப்பித்த அமைதிச் சட்டத்தைப் பாருங்கள். உழவன் வாளோ ஈட்டியோ ஏந்தினால் அதைப் பறிமுதல் செய்க, அல்லது 20 வெள்ளிக்காசு தண்டம் வாங்குக என்கிறது அது. வணிகன் வழிப்பயணத்திலே கள்வருக்கு அஞ்சி வாள் கொண்டு போகலாம். ஆனால் சேணத்திலே கட்டித்தான் கொண்டுபோக வேண்டும், இடையிலே கட்டக் கூடாது! இடையிலே கட்டும் உரிமை நைட்டுக்கு. அவன் நைட் ஆகும் நாளிலே அந்த வாளுக்குப் பாதிரியார் ஆசி ஓதுவார். அதன் பிறகு அது கொல்லன் செய்த வாள் அல்ல; கோயில் தந்த வாள். பிறப்பைக் காட்டிக் கருவியைப் பறிப்பதும், மந்திரத்தைச் சொல்லி உழைப்பை மறைப்பதும் எந்த நாட்டிலும் சேர்ந்தே நடந்திருக்கின்றன. நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொல்லன் தன் கையொப்பமாகப் பொறித்த குறியைக்கூட விட்டுவைக்கவில்லை. பாசௌ நகரத்துக் கொல்லர்கள் அலகிலே ஓடும் ஓநாய் உருவத்தைப் பொறித்தார்கள். இது எங்கள் சரக்கு, தரமானது என்று சொல்லும் வணிகக் குறி. சோலிங்கன்காரர்களும் அதையே பொறித்து விற்றார்கள். போலி முத்திரை நேற்று முளைத்ததல்ல! வாங்கியவர்களோ அந்த ஓநாய்க்கு மந்திர ஆற்றல் உண்டென்று நம்பத் தொடங்கினர். 17 ஆம் நூற்றாண்டிலே 'பாசௌ வித்தை' என்ற பெயரால் மந்திரச் சீட்டுகள் போர்வீரர்களுக்கு விற்கப்பட்டன. வைத்திருப்பவன் மேனியிலே ஆயுதம் பாயாதாம்!

இந்த இடத்திலே நம் நாட்டு உருக்கின் புகழை நுழைத்துவிடலாமா என்று ஓர் ஆசை எழும். கொடுமணலிலே உருக்கு உலைகளின் தடயம் கிடைத்தது உண்மை. மைக்கேல் ஃபாரடே 1819 இல் இந்திய உருக்கை ஆராய்ந்து எழுதியதும் உண்மை. ஆயினும் நைட்டின் நெடுவாள் ஐரோப்பியக் கொல்லன் தன் நாட்டு இரும்பிலே, தன் நாட்டு முறையிலே அடித்தது. நமக்குப் பெருமை வேண்டும் என்பதற்காக அவன் உழைப்பைப் பறிக்க நாம் துணியமாட்டோம்.

நைட்டின் நெடுவாள் கடைசியிலே யார் கைக்கு வந்தது தெரியுமா? நகரங்கள் வளர்ந்தன, நகரத்துக் கைவினைஞர்கள் வாட்பயிற்சி பெற்றார்கள். தோல்வினைஞரும் பிற தொழிலாளரும் நிறைந்த 'மார்க்கு சோதரர்' என்ற வாட்பயிற்சிச் சங்கத்துக்கு 1487 இல் பேரரசன் மூன்றாம் பிரெடெரிக்கே பட்டயம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்திலே யோவாகிம் மேயர் என்பவர் வாழ்ந்தார். பிரபு அல்ல, கத்திக்கொல்லர். உலையிலே கத்தி அடித்தார். ஓய்விலே வாள் பழகினார். பழகியதைப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தார். 1570 இல், நெடுவாளை முதற்பகுதியாகக் கொண்டு, படங்களோடு பெரியதொரு வாட்பயிற்சி நூலை அச்சிட்டார். அதற்காகக் கடன்பட்டார். கடனை அடைக்க வழிதேடி, மெக்லென்பர்க் கோமகனிடம் வேலைக்கு அமர்ந்து, குளிர்காலத்திலே ஷ்வெரின் நகரத்துக்குப் பயணமானார். 1571 பிப்ரவரியிலே அங்கேயே இறந்தார். கடன் மனைவியின் தலையிலே விழுந்தது. 1600 இல் அந்த நூல் மீண்டும் அச்சேறியது. நெடுவாளை மீண்டும் செய்து, கையிலேந்திப் பழகுவோர் இன்று திறந்து வைத்துக்கொள்ளும் ஏடுகளிலே அந்தக் கத்திக்கொல்லரின் ஏடும் ஒன்று.