குறை தொழிலாளியுடையது; வழக்கு யாருடையது?

வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒருவருக்காகச் சங்கம் வழக்காடுகிறது. அவர் விரும்பாத சமரசம் ஒன்றில் அதே சங்கம் கையெழுத்திட்டால் அவருடைய நிலை என்ன? நம் தொழிலுறவுச் சட்ட வரலாறு இக்கேள்விக்கு ஒரே விடையைத் தரவில்லை.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய காலத்தில், சட்டத்தின் கண்ணுக்கு முதலாளியும் தனித் தொழிலாளியும் மட்டுமே தெரிந்தனர். பின்னி நிறுவனம் தொடுத்த வழக்கில், பணி ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டலாகாதென்று பி.பி. வாடியா உள்ளிட்டோருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தேவை என்ற கோரிக்கை அதனால் வலுப்பெற்று, 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமாகக் கனிந்தது.

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் தராசை மறுபக்கம் சாய்த்தது. நீதிமன்றங்கள் தந்த விளக்கத்தின்படி, தனியொருவரின் முறையீடு தானாகவே தொழில் தகராறு ஆகாது. சங்கமோ கணிசமான தொழிலாளரோ அதனைத் தமதாக ஏற்கவேண்டும். இதன் கூர்முனை விஸ்வகர்மா வழக்கில் வெளிப்பட்டது. பாட்டா நிறுவனத்தில் வேலையிழந்த பீகார்த் தொழிலாளி ஒருவருக்காக வாதாடிய சங்கம், நிர்வாகத்துடன் சமரசத்துக்கு வந்தது. அதை ஏற்காத அவர், தாம் தேர்ந்த சக தொழிலாளர் தமக்காக வாதிட அனுமதி கேட்டார். உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் அதை மறுத்தது: விதிவிலக்கான சூழல்கள் நீங்கலாக, வழக்கை ஏற்ற சங்கமே அதை நடத்தும்.

1965இல் சேர்க்கப்பட்ட 2-ஏ பிரிவு, வேலைநீக்கத்தை மட்டும் சங்கத்தின் துணையின்றியே தொழில் தகராறாக்கியது. அப்போதும் அரசின் பரிந்துரைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆந்திரம் 1987இலும் தமிழ்நாடு 1988இலும் திருத்தம் கொண்டுவந்து அத்தடையை நீக்கின. சென்னையிலோ திருப்பதியிலோ வேலையிழந்தவர் நேரே தொழிலாளர் நீதிமன்றத்தை நாட முடிந்தது. நாடு முழுமைக்கும் அவ்வழி 2010இல்தான் திறந்தது. பதவி உயர்வு, இடமாற்றம், ஊதிய நிலை ஆகியவை இப்பிரிவுக்குள் வரவில்லை.

சங்கத்தின் தனியுரிமையை வெறும் அதிகாரமாகக் காண்பது பிழை. அஞ்சி நிற்கும் தொழிலாளியின் மௌனத்தை நிர்வாகம் எளிதில் ‘சம்மதம்’ ஆக்கிவிடும். எனவே குறையை எழுப்பச் சங்கத்துக்கு அவரது இசைவு தேவையில்லை என்பதில் நியாயமுண்டு. அவருடைய வாழ்வாதாரத்தை விட்டுக்கொடுத்து வழக்கை முடிப்பதற்கு அந்நியாயம் பொருந்தாது. எழுப்பும் உரிமையையும் முடிக்கும் உரிமையையும் விஸ்வகர்மா தீர்ப்பு பிரித்துப் பார்க்கவில்லை. 51 விழுக்காட்டு ஆதரவுள்ள சங்கத்தையே ஒற்றைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கும் 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பின் காலத்தில், அப்பிரிவினை முன்னிலும் அவசியமாகிறது.