ஏட்டில் கண்ட காடும் திரையில் கண்ட காடும்

ஒரு கதையை ஏட்டிலே படித்து, அதனோடு வெளிவந்த சித்திரங்களையும் பார்த்துப் பழகியவர்கள், அக்கதை திரைப்படமாகப் போகிறது என்று கேள்விப்பட்டதும் மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே அடைவது இயல்பு. மனத்திலே நடமாடிய மாந்தர் கண்முன் நடமாடப் போகின்றனர் என்பது மகிழ்ச்சி. வேறு முகத்தோடும் வேறு குரலோடும் வந்துவிடுவார்களோ என்பது அச்சம். தமிழ் வாசகரிடத்தே இவ்விரு உணர்ச்சிகளும் மிக நீண்ட காலம் நீடித்தது கல்கியின் 'பொன்னியின் செல்வன்' குறித்தேயாகும். அவ்வாசகருள் வன்னி நிலத்தார்க்குத் தனியானதொரு கேள்வியும் உண்டு. கதையின் ஒரு பகுதி அவர்களுடைய காட்டின் ஓரமாக நடந்து செல்கிறது. அந்தக் காடு திரையிலே என்னவாயிற்று என்பதே அக்கேள்வி.

1950ஆம் ஆண்டு தொடங்கி 1954ஆம் ஆண்டு வரை 'கல்கி' வார இதழில் அந்நாவல் வெளிவந்தது. ஓவியர் மணியம் வாரந்தோறும் அதற்குச் சித்திரம் தீட்டினார். குந்தவையின் நிமிர்வும் நந்தினியின் கொண்டையும் எழுத்தினால் மட்டும் நிலைபெற்றவையல்ல. பாதி மணியத்தின் தூரிகையினால் நிலைபெற்றவை. இதழ்களிலிருந்து கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டி, கைக்குக் கை கொடுத்துப் படிக்கும் வழக்கம் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் இருந்தது. 1970களின் முற்பகுதியில் இந்திய வார இதழ்களின் இறக்குமதி இலங்கையிற் கட்டுப்படுத்தப்பட்ட பின்னர் அத்தகைய பழைய கட்டுகளின் மதிப்பு இன்னும் உயர்ந்தது.

நாவலின் இரண்டாம் பாகம் ஈழத்திற்கு வருகிறது. மாதோட்ட மாநகரம் ஓர் அத்தியாயம். காட்டுப் பாதை மற்றோர் அத்தியாயம். மன்னார்க் கரையிலுள்ள மாதோட்டத்திலிருந்து வந்தியத்தேவனும் ஆழ்வார்க்கடியானும் காட்டு வழியே தம்பள்ளையை நோக்கிப் புறப்படுகிறார்கள். நில வரைபடத்தை விரித்து வைத்துப் பார்ப்பவர்க்கு, அருவியாறு பாயும் திசையும் வன்னிப் பெருங்காட்டின் தென்மேற்கு விளிம்பும் அந்தப் பயணத்தோடு ஒட்டி வருவது புலனாகும். மாதோட்டம் கற்பனை நகரமன்று. பிற்காலத்தில் இராசராசபுரம் என்ற பெயரோடு சோழர் கல்வெட்டிலே அது குறிக்கப்பெறுகிறது. இராசராசன் 993ஆம் ஆண்டளவில் ஈழத்தின் வடபகுதியைக் கைக்கொண்ட செய்தி வரலாறு. அதற்கு முன்னரே இளவரசர் அருள்மொழி அக்காட்டிலே யானைப்பாகன் வேடத்தில் வந்தார் என்பது கல்கியின் கற்பனை. வாசகர் இரண்டையும் பிரித்தறிந்தே இரண்டையும் விரும்பினர்.

அப்பாகத்திலே ஏலேலசிங்கன் கூத்து என்றோர் அத்தியாயம் உண்டு. காட்டின் நடுவே சோழப் படைவீரர் இரவில் கூத்தாடுகிறார்கள். அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளனின் கதை, ஏட்டிலிருந்து இறங்கி ஆட்டமாக மாறுகிறது. வன்னியிற் பிறந்த வாசகர்க்கு இந்த இடம் மிகவும் பழக்கமானது. ஏனெனில் அந்நிலத்தில் கதை என்பது பெரும்பாலும் ஆடப்படுவது. முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். இளங்கோவடிகளின் காவியத்தில் மதுரையை எரித்த கண்ணகி சேர நாட்டுக்குச் செல்கிறாள். வன்னி மரபோ அவளை ஈழத்துக்கு அழைத்து வந்துவிட்டது. அவள் தங்கிய பத்தாவது இடமே பத்தாம்பளை. அதுவே வற்றாப்பளையாயிற்று என்பர். சேரன் செங்குட்டுவன் எழுப்பிய கோயிலைப் பற்றிக் காவியம் கூறுவது முல்லைத்தீவு மக்களுக்குத் தெரியாததன்று. ஆயினும் தங்கள் மண்ணை மிதிக்காமல் அந்தத் தாய் போய்விட்டாள் என்று அவர்கள் ஒப்பவில்லை. காவியத்தை மீறியதாக ஒரு புலவர் குறை கூறலாம். வைகாசிப் பொங்கலுக்குக் கூடுகின்ற பெருங்கூட்டத்தின் காதில் அக்குறை விழுவதில்லை.

இத்தகைய மரபிலே வந்தவர்கள், மூலத்தை மாற்றியதற்காக மட்டும் ஒரு திரைப்படத்தை வெறுக்க மாட்டார்கள் என்று எதிர்பார்க்கலாம். மாற்றத்தால் வந்தது என்ன, போனது என்ன என்பதே இங்கு கணக்கு.

திரைப்பட முயற்சியின் வரலாறு நெடியது. 1958ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் நாவலின் உரிமையைப் பெற்றார். அக்காலத்தில் இளைஞராயிருந்த மகேந்திரன் அதனைத் திரைக்கதையாக்கும் பணியிலே ஈடுபட்டார். ஒரு விபத்தில் எம். ஜி. ஆர். காயமுற, முயற்சி தடைப்பட்டது. பின்னர் கமல்ஹாசனும் முயன்றார். 1999இல் சென்னையில் மேஜிக் லாண்டர்ன் குழுவினர் இதனை நாடகமாக மேடையேற்றினர். அந்நாடகத்தை எழுதிய குமரவேலே, இறுதியாக மணிரத்னம் எடுத்த படத்தின் திரைக்கதையிலும் பங்கு கொண்டார். முதற் பாகம் 2022 செப்டெம்பர் 30ஆம் நாளும், இரண்டாம் பாகம் 2023 ஏப்பிரல் 28ஆம் நாளும் வெளியாயின. கல்கி மறைந்து அறுபத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன.

வாசகரின் ஐயங்களிற் சில மெய்யாயின. மணிமேகலை என்ற பாத்திரமே படத்தில் இல்லை. சேந்தன் அமுதனே அரியணைக்கு உரியவன் என்று நாவல் இறுதியில் வைத்த திருப்பமும் கைவிடப்பட்டது. இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூலை ஐந்தரை மணி நேரத்துள் அடக்குபவன் எதையேனும் விட்டே ஆகவேண்டும். இதிலே வழக்காடுவது வீண். ஆனால் ஏலேலசிங்கன் கூத்தும் விடுபட்டதை அவ்வளவு எளிதில் மன்னிக்க முடியவில்லை. தமிழரும் சிங்களரும் ஒருங்கே நினைவில் வைத்திருக்கும் ஒரு மன்னனின் கதை, பகைநாட்டுக் காட்டிலே நடிக்கப்படும் அவ்விரவு, போரைப் பற்றி நாவல் சொல்லும் நுண்மையான இடங்களுள் ஒன்று.

இனிக் காட்டின் கேள்விக்கு வரலாம். படப்பிடிப்பு 2019 டிசம்பரில் தாய்லாந்தில் தொடங்கியது. ஈழக் காட்சிகள் பலவற்றுக்கு அந்நாட்டின் காடுகளே இடம் கொடுத்தன. காட்சிகள் அழகியவை என்பதில் ஐயமில்லை. எனினும் வன்னிக் காடு ஈரம் சொட்டும் காடன்று. பாலையும் முதிரையும் வீரையும் நிற்கும் உலர் காடு அது. மாரியிலே நிறைந்து கோடையிலே வற்றும் குளங்கள் இடையிடையே கிடக்கும். அதை அறிந்த கண்ணுக்குத் திரையிற் கண்டது பிறிதொரு தேசம்.

வன்னியைப் பிற நிலத்தில் படமெடுப்பது இதுவே முதன்முறையன்று. 2002இல் வெளிவந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில், ஒரு சிறுமி தன்னைப் பெற்ற தாயைத் தேடுகிறாள். அத்தாயின் ஊர் மாங்குளம். அந்த மாங்குளமும் இலங்கைக்கு வெளியே அமைக்கப்பட்டதே. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் வேறு வழியில்லை என்று சமாதானம் கூறலாம். மாறாக 2006இல் வெளிவந்த 'ஆணிவேர்' வன்னி மண்ணிலேயே படமாக்கப்பட்டது. அதனை இயக்கிய ஜான், 1958இல் பொன்னியின் செல்வனைத் திரைக்கதையாக்க அமர்ந்த அதே மகேந்திரனின் மகன். தந்தை தாளில் மட்டுமே கண்டிருக்கக்கூடிய காட்டு நிலத்தில் மகன் ஒளிப்பதிவுக் கருவியை நிறுத்தினார் என்பது இவ்வரலாற்றில் குறித்துவைக்கத் தக்க தற்செயல். அந்த ஆண்டிலேயே ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. போர் மீண்டும் மூண்டது.

பொன்னியின் செல்வனில் ஊமைப் பெண்ணாகிய மந்தாகினி, வாயினாற் கூற முடியாத தன் வாழ்க்கையைச் சுவரிலே சித்திரங்களாகத் தீட்டி இளவரசருக்குக் காட்டுவாள். சித்திரங்கள் பேசின என்பதே அவ்வத்தியாயத்தின் பெயர். 2019இல் இதனை நினைவூட்டும் நூலொன்று ஆங்கிலத்தில் வெளிவந்தது. 'வன்னி' என்பது அதன் பெயர். முழுவதும் சித்திரங்களால் இயன்ற நாவல். எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ்; வரைந்தவர் லின்சி பொல்லொக். டிக்ஸ் 2004 முதல் 2008 வரை ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் பணியாளராக வன்னியில் இருந்தவர். 2008 செப்டெம்பரில் அந்நிறுவனம் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போக வேண்டாம் என்று மக்கள் வாயிலில் நின்று மன்றாடினர். அம்மக்கட்கு நேர்ந்ததை, உயிர் தப்பியோரின் வாக்குமூலங்களைக் கொண்டு அந்நூல் சொல்கிறது. ஆழிப்பேரலையில் தொடங்கி 2009இன் முடிவு வரை அயல்வீட்டாரான இரு குடும்பங்களை அது பின்தொடர்கிறது.

இத்தகைய நூல் திரைக்கு வருமாயின் எழும் ஐயம் கல்கி வாசகரின் ஐயத்தினின்று வேறானது. வந்தியத்தேவனின் முகத்தைக் கண்டவர் எவருமிலர். எவர் நடித்தாலும் ஒருவாறு ஏற்றுக்கொள்ளலாம். இங்கோ கதையில் வரும் பதுங்குகுழியில் இருந்தவர்களே பார்வையாளராக வந்து அமர்வார்கள். உலகிலே இதற்கு இருவேறு விடைகள் உள்ளன. ஈரானில் தன் இளமையைச் சித்திரித்த 'பெர்செபோலிஸ்' நூலை, மர்ஜான் சத்ராபி 2007இல் தாமே உடனிருந்து இயக்கித் திரைப்படமாக்கினார். நடிகரைக் கொண்டன்றி, தம் கோடுகளையே அசையவைத்து எடுத்தார். யூதப் படுகொலையினின்று தப்பிய தந்தையின் கதையை 'மவுஸ்' என்ற சித்திர நாவலாக்கிய ஆர்ட் ஸ்பீகல்மனோ, அதனைத் திரைப்படமாக்க இசையவேயில்லை. சித்திரத்தின் கோடு துயரத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே சிறிது இடைவெளி விடுகிறது. நடிப்பு அதனை அழித்துவிடும். ஸ்பீகல்மன் பக்கத்து நியாயம் அதுவே எனத் தோன்றுகிறது. சத்ராபியின் வழியும் அவ்விடைவெளியைக் காத்துக்கொண்ட வழியே.

வன்னியைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. அங்கே படமெடுக்க வருபவர்க்கு இன்று பாதை திறந்திருக்கிறது. 2013 செப்டெம்பர் முதல் கிளிநொச்சிக்குப் புகைவண்டியும் ஓடுகிறது. மாங்குளத்தை வேறு நாட்டில் கட்ட வேண்டிய தேவை இல்லை. கண்ணகியின் பத்தாம்பளை நந்திக்கடல் நீரேரியின் கரையிலேயே நிற்கிறது. வைகாசிப் பொங்கலன்று அங்கே உப்புநீரில் விளக்கெரியும். அதைக் காண வருபவர்களுள் 2009 மே மாதத்தில் அந்நீரேரியைக் கடந்து உயிர் தப்பியவர்களும் இருக்கிறார்கள்.