ஊவா மலைப்பாதையில் காரும் வானொலியும்
டாஷ்போட் பொருத்துதலின் வரலாறு குறித்த ஒரு நோக்கு

இலங்கையின் போக்குவரத்து வரலாறு எனும்போது புகையிரதப் பாதைகளும் பெருந்தெருக்களுமே பெரிதும் பேசப்படுகின்றன. வாகனத்தின் உள்ளே, சாரதியின் கைக்கெட்டும் தூரத்தில் நிகழ்ந்த மாற்றங்கள் அத்துணைக் கவனம் பெறுவதில்லை. காரின் டாஷ்போட்டில் வானொலியையோ கசெற் கருவியையோ பின்னர் வாங்கிப் பொருத்தும் தொழிலும் அவ்வாறு கவனிக்கப்படாத ஒன்றாகும். மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து இது அழகுணர்ச்சி சார்ந்த ஒரு சிறு வேலையாகவே தோன்றும். ஆயின் வாகனம் ஒரு காலத்தையும் அதனுட் புகும் கருவி இன்னொரு காலத்தையும் சேர்ந்தவையாக இருக்கும்போது, அவற்றிடையேயுள்ள இடைவெளியை நிரப்புவது பொருத்துநரின் கையே. இலங்கையில் அவ்விடைவெளியைத் தீர்மானித்தது அரசின் இறக்குமதிக் கொள்கை. ஊவா போன்ற மலைப்பிரதேசத்தில் நில அமைப்பும் அதனுடன் சேர்ந்துகொண்டது.

கார் வானொலி தொடக்கத்திலேயே பின்னர் பொருத்தப்படும் ஒரு பொருளாகத்தான் பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1930இல் அமெரிக்காவில் போல் கல்வினின் நிறுவனம் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்துக் கார்களில் அதற்கென இடம் விடப்பட்டிருக்கவில்லை. வானொலிக்கு வேண்டிய பற்றரிகளை அடித்தளப் பலகையின் கீழும், அன்ரெனாக் கம்பியைக் கூரையின் உட்துணிக்குள்ளும் அமைக்க வேண்டியிருந்தது. 1932இல் ஜேர்மனியில் வெளிவந்த புளோபுங்ற் வானொலி டாஷ்போட்டினுள் அடங்காத பருமனுடையது. ஆதலால் அதனை இயக்கும் பொத்தான்கள் சுக்கான் தண்டிலே பொருத்தப்பட்டன. ஆகவே, காரையும் வானொலியையும் ஒன்றாக்கும் பொறுப்பு ஆரம்பத்திலிருந்தே தொழிற்சாலைக்கு வெளியே இருந்தவர்களையே சார்ந்திருந்தது எனலாம்.

இலங்கையில் ஒழுங்கான வானொலி ஒலிபரப்பு கொழும்பில் 1925இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டிலேதான் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்திருந்தது. ஹப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, ஹாலி எல வழியாகப் பதுளை வரை நீண்ட அப்பாதையின் முதன்மைப் பயன் தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுசெல்வதே. தோட்டங்களில் கார் என்பது துரைமாரின் உடைமையாக இருந்தது. தொழிலாளர் லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து தொழிற்சாலைக்கும் நடந்தே சென்றனர். காரோடு சேர்ந்து கார் வானொலியும் பங்களாவுக்குரிய பொருள்களில் ஒன்றாயிற்று. 1949இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாகியது. 1950இல் அதன் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. கொழும்பிலிருந்து எழுந்த தமிழ் ஒலிபரப்புத் தமிழ்நாட்டிலும் பெருவிருப்போடு கேட்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் குடியுரிமை இழந்து நின்ற காலமும் அதுவே. இந்நாட்டின் வானொலி அவர்களுடைய மொழியிலும் பேசியது; இந்நாட்டின் சட்டமோ அவர்களை அந்நியராகக் கொண்டது.

தோட்டப் பாதைகளில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பிரித்தானியக் கார்கள் 1970க்குப் பின்னரும் நீண்டகாலம் பயன்பாட்டில் இருந்தன. இதற்குக் காரணம் அவற்றின் உறுதி மட்டுமன்று. 1970 தொடக்கம் 1977 வரை ஆட்சியிலிருந்த ஐக்கிய முன்னணி அரசு அந்நியச் செலாவணியைச் சேமிக்கும் பொருட்டு இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. தோட்டங்கள் கைமாறின, புதிய கார்களோ வரவில்லை. எனவே உள்ள கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே வழியாயிற்று.

1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது யப்பானிய மின்னணுப் பொருள்கள் நாட்டினுள் பெருகின. அவற்றுள் காருக்குரிய கசெற் கருவியும் ஒன்று. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகஞ் செய்த சிறு கசெற், 1968இல் கார் வானொலியுடன் இணைக்கப்பட்டிருந்தது. புதிய கருவியைப் பழைய பிரித்தானியக் காரில் வைக்க முற்பட்டவருக்கு முதற் சிக்கல் இடம் அன்று, மின்சாரமே. 1960களின் பிற்பகுதி வரை பிரித்தானியக் கார்களிற் பெரும்பாலானவற்றில் பற்றரியின் நேர்முனை காரின் உலோக உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. யப்பானியக் கருவிகளோ மறைமுனை உடலோடு இணைந்திருக்கும் கார்களுக்கென ஆக்கப்பட்டவை. கருவியின் உலோகக் கூடு டாஷ்போட்டின் உலோகத்தைத் தொட்ட அளவிலே குறுஞ்சுற்று உண்டாகும்.

இதனைத் தீர்க்க இரு வழிகள் இருந்தன. பற்றரித் தொடுப்புகளை மாற்றி, டைனமோவின் புலச்சுருளில் ஒரு கணம் மின்னோட்டத்தைச் செலுத்தி, காரின் முனைவையே மாற்றிவிடுவது ஒன்று. கருவியை றப்பராலோ மரத்தாலோ காப்பிட்டு உடலிலிருந்து பிரித்து வைப்பது மற்றொன்று. இரண்டாவது வழியில் அன்ரெனாவின் உறையையும் மறவாது காப்பிட வேண்டும். அதுவும் காரின் உடலோடு இணைந்திருப்பதால், அதனை விட்டுவிட்டால் முன்செய்த காப்பு முழுவதும் வீணாகும். நேர்த்தி எனப்படுவது கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே தொடங்குகிறது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மலைநாட்டில் கசெற்றுக்குத் தனியானதொரு முக்கியத்துவம் இருந்தது. பண்பலை ஒலிபரப்பு ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. 2,036 மீற்றர் உயரமான நமுனுகுல போன்ற மலைகள் குறுக்கே நிற்கும்போது அது தடைப்படும். வளைவுகள் நிறைந்த பாதையில் ஒரு திருப்பத்தில் கேட்ட ஒலி மறு திருப்பத்தில் மங்கிவிடும். கசெற்றுக்கு மலையுமில்லை மறைவுமில்லை. 1958இல் தேசியமயமாக்கப்பட்ட பஸ் சேவையில் 1979 அளவில் தனியாருக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. தனியார் பஸ்களிலும் வாடகை வான்களிலும் பாட்டு ஒலிப்பது வழக்கமாயிற்று. முன்னர் துரையின் காரினுள் ஒருவருக்காக ஒலித்த கருவி, இப்போது பயணச்சீட்டு வாங்கிய அனைவருக்குமாக ஒலித்தது. தோட்டத் தொழிலாளர் காரின் உரிமையாளராகவில்லை. எனினும் டாஷ்போட்டிலிருந்து எழுந்த இசைக்கு உரியோராயினர். சமூக வரலாற்று நோக்கில் இது சிறிய மாற்றமன்று.

1984இல் ஜேர்மன் தர நிர்ணயம் கார் வானொலிக்குரிய துவாரத்தின் அளவை வரையறுத்தது. ஏறக்குறைய 180 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமுமான அவ்வளவு பின்னர் சர்வதேச நியமமாயிற்று. யப்பானியக் கார்களில் அதன் இருமடங்கு உயரமுள்ள துவாரம் பரவலாயிற்று. தொயோட்டாக் கார்கள் பலவற்றில் அகலம் 200 மில்லிமீற்றர். ஆதலின் 180 மில்லிமீற்றர்க் கருவியை வைக்கும்போது இருபுறமும் பத்து மில்லிமீற்றர் வெளி எஞ்சும். அதனை உரிய பக்கச் சட்டங்களால் மூடுவதா, அன்றிக் கையிற் கிடைத்த பிளாஸ்ரிக் துண்டுகளால் அடைப்பதா என்பதிலே ஒருவரின் தொழிற்றிறன் புலப்படும்.

யப்பானில் ஓடிப் பின் இலங்கைக்கு வந்த 'றீகண்டிஷன்' வாகனங்கள் வேறொரு குறையையும் உடன் கொண்டுவந்தன. யப்பானின் பண்பலை எல்லை நெடுங்காலம் 76 தொடக்கம் 90 மெகாஹேட்ஸ் வரையே அமைந்திருந்தது. இலங்கையிலோ அது 88 தொடக்கம் 108 வரை. 1998இல் சூரியன், சக்தி ஆகிய தமிழ்ப் பண்பலை வானொலிகள் தோன்றின. தொழிற்சாலையிலேயே அழகாகப் பொருத்தப்பட்டு வந்த யப்பானியக் கருவி அவ்வெல்லையின் பெரும்பகுதியைக் கேட்கும் வல்லமையற்றிருந்தது. அலை எல்லையைத் தாழ்த்தும் சிறு கருவியொன்றை அன்ரெனா வயரில் இணைப்பது மலிவான பரிகாரம். எனினும் 20 மெகாஹேட்ஸ் எல்லை 14இனுள் முழுமையாக அடங்காது. ஆகவே புதுக் கருவியைப் பொருத்துவதே நிறைவான வழியாயிற்று. இங்கு பொருத்துதல் என்பது ஆடம்பரமன்று. தன் மொழியைத் தன் வாகனத்திற் கேட்பதற்கான வழியாகும்.

இப்பணியை நன்கு செய்வோர் காரின் மூல வயர்களை வெட்டுவதில்லை. அவற்றோடு பொருந்தும் இடைத்தொடுப்பைப் பயன்படுத்துவர். இணைக்க வேண்டிய வயர்களை முறுக்கிவிடாது ஈயப்பற்று வைத்துக் காப்பிடுவர். பற்றரி வயரில் உரிய அளவான பியூஸ் இடுவர். உலோகச் சட்டத்தின் நாக்குகளை வெளிப்புறமாக மடித்து இறுக்குவதோடு, கருவியின் பின்புறத்துக்கும் ஒரு தாங்கி கொடுப்பர். குண்டும் குழியுமான தோட்டப் பாதைகளில் பின்தாங்கி இல்லாத கருவி ஆடி ஆடித் தன் தொடுப்புகளைத் தானே தளர்த்திவிடும். தீவிபத்துக்கும் அது ஏதுவாகலாம். டாஷ்போட்டை ஒருமுறை வெட்டினால் மீள ஒட்டுதல் அரிது. பின்வரும் உரிமையாளர் அவ்வெட்டைத் தாங்கியே வாகனத்தைப் பெற வேண்டியிருக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. அவ்வைந்தாண்டுகளில் பழைய கார்கள் தொடர்ந்து ஓட, அவற்றினுட் புதிய தொடுதிரைகள் புகுந்தன. 1970களின் நிலை வேறொரு வடிவில் மீண்டது எனலாம். மறுபுறத்தில், அண்மைக்காலக் கார்களில் ஒலிக்கருவியும் ஏனைய கட்டுப்பாடுகளும் ஒரே திரையில் இணைந்துவிடுகின்றன. மாற்றிப் பொருத்துவதற்கான துவாரமே அவற்றில் இல்லை.

பெருந்தோட்ட வரலாற்றுக்குத் துரைமாரின் நாட்குறிப்புகளும் கம்பனிகளின் கணக்குகளும் ஆதாரங்களாக உள்ளன. கராஜில் தொழில் செய்தோர் அவ்வாறு எழுதி வைத்துச் செல்வதில்லை. ஆயினும் ஒரு பழைய காரின் டாஷ்போட்டில் அடைக்கப்பட்ட ஆணித்துவாரங்கள், மாற்றப்பட்ட முனைவு, இருபுறமும் இடப்பட்ட சட்டங்கள் ஆகியன அவர்களின் பணிக்குச் சான்றாக நிற்கின்றன. எந்த ஆண்டில் எது இந்நாட்டுக்கு வந்தது, எது வரவில்லை என்பதையும் அவை காட்டுகின்றன. அத்தகைய வாகனங்கள் பழைய இரும்பாகக் கழிக்கப்படுமுன் அவற்றை நோக்கிப் பதிவு செய்தல் மலையக வரலாற்றை ஆராய்வோரின் கடமைகளுள் ஒன்றாகும்.