பேத்தை மீனும் உழைப்போர் அறிவும்

காங்கேசன்துறைக் கடலின் முருகைக்கற் பார்களை அண்டி வாழும் மீன்களுள் பேத்தையும் ஒன்று. செதிலற்ற தடித்த தோல், கிளிமூக்குப் போல் ஒட்டிநிற்கும் நான்கு பற்கள், வயிற்றுப்புறச் செட்டை இன்மை, அச்சமுற்றால் நீரை விழுங்கிப் பந்தாக உப்புதல் என்பன அதன் அடையாளங்கள். தோலுரித்துத் துண்டாக்கியபின் இவற்றுள் எதுவும் எஞ்சாது. ஆகவே அடையாளங் காணவேண்டிய இடம் சந்தையன்று, வலையே.

அதன் நஞ்சுக்கு 1909 இல் யப்பானியரான தகாரா யொஷிசுமி டெற்றோடொட்டொக்சின் எனப் பெயரிட்டார். ஈரலிலும் சினையிலும் மிகுந்தும், பல இனங்களில் தோலிலும் காணப்படும் இந்நஞ்சு சமைப்பதால் அழியாது. ஆயின் ஆய்வுகூடத்துக்கு முன்பே இவ்வறிவு கடலோரத்தில் இருந்தது. 1774 இல் நியூ கலிடோனியாவில் கப்டன் குக் இத்தகைய மீனொன்றின் ஈரலையும் சினையையும் சிறிது சுவைத்து, கைகால் மரத்துத் துன்புற்றார். அதன்பின் கப்பலுக்கு வந்த தீவினர், தொங்கிய மீனைக் கண்டதும் அதனை உண்ணலாகாதென உணர்த்தினர். அக்காலத்தையொட்டியே தரங்கம்பாடியிலிருந்து யோன் பாதிரியார் அனுப்பிய மீன்களைக் கொண்டு பெர்லினில் புளொக் நூலெழுதினார். பாதிரியாரின் பெயர் நிலைத்தது. வலையிழுத்தவனின் பெயரை எவரும் கேட்கவில்லை.

நஞ்சு ஒன்றேயாயினும் அதற்குப் பலியாவோர் யார் என்பது வர்க்கம் சார்ந்த வினாவாகும். 1888 இல் யமகுச்சியில் தடை நீக்கப்பட்டபின், யப்பானில் இது உரிமம் பெற்ற சமையலாளர் பரிமாறும் செல்வர் உணவாயிற்று. வங்காளதேசத்திலோ 2008 இல் இதனை உண்ட 141 பேர் மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்டு, 17 பேர் இறந்தனர். அது அரிசி விலை ஏறியிருந்த ஆண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது.

காங்கேசன்துறை, மயிலிட்டி மக்கள் 1990 இல் போரினால் இடம்பெயர்ந்தனர். மயிலிட்டித் துறைமுகம் 2017 இலேயே விடுவிக்கப்பட்டது. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் பிறந்த பலர் தம் பாட்டனாரின் கடலில் வலைவீசாமலே வளர்ந்தனர். வலையைத் தட்டும்போது கைவழி கற்கப்படும் அறிவு, முகாமில் எவ்வாறு கைமாறும்? எனவே எழுத்தில் தருதலும் கடனாகிறது. பேத்தையை வெறுங்கையாற் பற்றலாகாது. அதன் பற்கள் விரலைத் துண்டிக்க வல்லவை. நாயும் பூனையும் தோண்டாவண்ணம் ஆழப் புதைத்தல் வேண்டும். உண்டவருக்கு உதடு மரத்தால் உடன் மருத்துவமனை சேர்க்க வேண்டும். மாற்றுமருந்து இல்லை, மூச்சைத் தாங்குவதே சிகிச்சை. அசைவற்றுக் கிடப்பவர் உணர்வோடிருத்தல் கூடும், பிணமெனக் கைவிடலாகாது.