இரு நாணயமும் ஒரு பேரறிஞரும்

ஒரு நாணயத்தைச் சுண்டினால் பூ விழலாம். அன்றித் தலை விழலாம். அதனையே இருமுறை சுண்டினால், ஒருமுறையேனும் தலை விழுவதற்குரிய வாய்ப்பு எவ்வளவு? நடுநிலைப்பள்ளியில் கணக்காசிரியர் விடுக்கும் வினா இது. ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் சேர்ந்து வருவதால் இதனைக் கூட்டு நிகழ்ச்சி என்கிறோம். எளிய வினாவே, எனினும் இதில் இடறியவருள் பேரறிஞரும் உளர்.

பிரெஞ்சுக் கணித மேதை டாலம்பேர் 1754-இல், அந்நாட்டின் புகழ்பெற்ற கலைக்களஞ்சியத்தில் இவ்வினாவை ஆராய்ந்தார். முதன்முறையே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. மறுமுறை சுண்ட வேண்டுவதில்லை. ஆகவே தலை, பூவுக்குப்பின் தலை, பூவுக்குப்பின் பூ என மூன்றே வகைகள்; அவற்றுள் இரண்டு வெற்றி; எனவே வாய்ப்பு மூன்றில் இரண்டு என வாதிட்டார். சரியான விடையோ நான்கில் மூன்று. அவர் கூறிய மூன்று வகைகளும் நிகரானவை அல்ல. முதலில் தலை விழும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஏனைய இரண்டிற்கும் தனித்தனியே நான்கில் ஒன்றே. வகைகளை எண்ணினாரே அன்றி அவற்றின் எடையை அவர் நோக்கவில்லை.

இவ்வேறுபாடு அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தெளிவாகியிருந்தது. மூன்று பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை ஒன்பது வருவதற்கு ஆறு வகைகள் உண்டு; பத்து வருவதற்கும் ஆறு வகைகளே. ஆயினும் பத்துச் சற்றே மிகுதியாக வருவதைச் சூதாடுவோர் அனுபவத்தில் கண்டிருந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோ இதற்குக் காரணம் கூறினார். மூன்று, மூன்று, மூன்று என்பது ஒரே விதமாகத்தான் விழும். ஒன்று, இரண்டு, ஆறு என்பதோ பகடைகள் இடம் மாறுவதால் ஆறு விதமாக விழும். இவ்வாறு எண்ணினால் மொத்தம் 216 விதங்களில் ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27.

எண்ணுவதற்கு இயலாத அளவு விதங்கள் பெருகும்போது என் செய்வது? பெருக்கலே வழி. ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒருமுறையேனும் ஆறு விழுவது பாதிக்குச் சற்று மேல். இரு பகடைகளைச் சேர்த்து 24 முறை உருட்டினால் இரட்டை ஆறு விழுவதோ பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆறுக்கு நான்கு எனில் முப்பத்தாறுக்கு இருபத்துநான்கு என்னும் விகிதக் கணக்கு இங்கே பொய்த்ததைக் கண்டு தெ மேரே என்பவர் வியந்தார். அவர் எழுப்பிய வினாக்களை ஒட்டி 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டனர். நிகழ்தகவுக் கணிதம் அவ்வாறு உருப்பெற்றது. நான்கு முறையும் ஆறு விழாதிருக்கும் வாய்ப்பைக் காண, ஆறில் ஐந்தை நான்கு முறை பெருக்கினால் 1296-இல் 625 ஆகும். எஞ்சிய 671 வெற்றிக்கு உரியது.

ஆனால் பெருக்கலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஒரு நிகழ்ச்சி மற்றொன்றைப் பாதித்தல் ஆகாது. பகடைக்கு நினைவில்லை; மனித வாழ்வு அத்தகையதன்று. 1999-இல் இங்கிலாந்தில், இரு கைக்குழந்தைகளை இழந்த தாய் ஒருவர்மீது கொலை வழக்கு நடந்தது. அத்தகைய குடும்பத்தில் குழந்தை காரணமின்றித் திடீரென இறப்பது 8,543-இல் ஒன்று. ஆகவே இரண்டும் அவ்வாறு இறப்பது ஏறத்தாழ 7.3 கோடியில் ஒன்று என மருத்துவ வல்லுநர் ஒருவர் பெருக்கிச் சொன்னார். தாய் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. ஒரே வீடும் ஒரே குருதியும் உடைய குழந்தைகளின் மரணங்கள் தொடர்பற்றவை எனக் கொள்ளலாகுமா? இப்பெருக்கலுக்கு அடிப்படை இல்லையென 2001-இல் அந்நாட்டு அரசப் புள்ளியியல் கழகம் அறிவித்தது. மறைந்திருந்த மருத்துவச் சான்றும் வெளிப்பட, 2003-இல் மேல்முறையீட்டில் அத்தாய் விடுதலை பெற்றார். அதற்குள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தன.

விதங்கள் அனைத்தையும் எண்ணினோமா, அவை நிகரானவையா, ஒன்று மற்றொன்றைச் சாராததா என்னும் மூன்று கேள்விகளையும் கேட்ட பின்னரே விடை எழுதுமாறு நம் சிறுவரைப் பழக்குவோம். நாளை நீதிமன்றத்திலோ மருத்துவமனையிலோ ஓர் எண்ணைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே.