தகரப் பெட்டியில் இருந்த பௌத்தம்

நரகாசுரனைக் கொன்ற நாள்தான் தீபாவளி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே வீட்டுக்கு வந்து ஒப்பித்தேன். அடுப்படியில் இருந்த ஆயா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "எவன்டா சொன்னது? தீவாளின்னா நல்லெண்ண கண்டுபுடிச்ச நாளு. பிக்குமாருங்க கண்டுபுடிச்சி ராசாவுக்குச் சொல்ல, ஊரே ஆத்துல எண்ண தேச்சிக் குளிச்சிது. ஒருத்தன் செத்ததுக்கு எவனாச்சும் எண்ண தேச்சிக் குளிச்சி பலகாரம் துன்னுவானா?"

மறுநாள் இதை வகுப்பில் சொன்னேன். வாத்தியார் சிரித்தார், வகுப்பும் சிரித்தது. "சேரிக்குள்ள தனியா புராணம் எழுதி வச்சிருக்கீங்களாடா?" என்று கேட்டார். எழுதித்தான் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரிய இருபது வருசத்துக்கு மேல் ஆயிற்று.

ஆயாவுக்கு எழுத்து தெரியாது. தாத்தாவுக்குத் தெரியும். வடஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து பஞ்சம் பிழைக்கக் கோலார் தங்கவயலுக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களில் அவர் ஒருவர். சுரங்கத்துக்குள் இறங்கி ஏறி, குளித்து, சாப்பிட்டுவிட்டு, லைன் வீட்டு வாசலில் விளக்கை வைத்துக்கொண்டு புத்தகத்தை உரக்கப் படிப்பாராம். சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்களாம். ஆயா கஞ்சி காய்ச்சிக்கொண்டே கேட்டிருக்கிறாள். வேலை விட்டு ஊர் திரும்பியபோது தாத்தா கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி. அதில் ஒரு பைபிள், சித்தர் பாடல் புத்தகம் ஒன்று, அட்டை கழன்றுபோன நாலைந்து சிறு நூல்கள். அவற்றில் ஒன்றில் 'சித்தார்த்த புத்தகசாலை' என்று அச்சிட்டிருந்தது மட்டும் எனக்கு ஞாபகம். ஓர் ஐப்பசி மழையில் கூரை ஒழுகி எல்லாம் கூழாகிப் போயிற்று. அதன்பிறகு அந்தப் புத்தகங்கள் ஆயாவின் வாயில்தான் இருந்தன.

பள்ளிப் பாடத்தில் பௌத்தம் ஒன்றரைப் பக்கம். அரண்மனை, கிழவன், நோயாளி, பிணம், துறவி, போதிமரம். அப்புறம் தமிழ்நாட்டில் பக்தி இயக்கம் வந்தது, பௌத்தம் மறைந்தது. மழை பெய்தது, வெயில் போனது என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். யார் மறைத்தார்கள், அதைக் கடைப்பிடித்த மக்கள் எங்கே போனார்கள் என்று பாடத்திலும் இல்லை, பரீட்சையிலும் இல்லை.

கல்லூரி நூலகத்தில் மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' கையில் கிடைத்தது. 1940இல் வந்த நூல். பௌத்தம் எங்கோ வடக்கே இருந்த ஒன்றல்ல, காஞ்சியிலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் நூற்றாண்டுக்கணக்கில் வேரூன்றியிருந்தது என்பதை அதில்தான் முதலில் படித்தேன். நாகப்பட்டினத்தில் 1856 தொடங்கி மண்ணுக்கடியிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட வெண்கலப் புத்தர் திருமேனிகள் கிடைத்திருக்கின்றன. அங்கே எஞ்சி நின்ற பழைய கோபுரத்தை 1867இல் கிறித்துவப் பாதிரிமார்கள் இடித்தார்கள். ஆனால் அந்த நூல் பேசுவது பழங்காலத்தை. ஆயா பேசியதோ நேற்றைய விசயம் மாதிரி இருந்தது. இரண்டையும் எப்படி முடிச்சுப் போடுவது என்று எனக்கு விளங்கவில்லை.

முடிச்சு 1898ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த ஆண்டுதான் உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தார். தமிழ் தெரிந்தவர்களில் பௌத்தம் தெரிந்தவர் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆங்கில நூல்களைப் படித்திருந்த ரங்காசாரியாரிடம் கேட்டுத்தான் பல இடங்களைத் தெளிந்துகொண்டார். அதே 1898இல் சென்னையிலிருந்து ஒரு சித்த வைத்தியர் கொழும்புக்குப் போய், சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார். அவர் க. அயோத்திதாசப் பண்டிதர். போவதற்கு உதவியவர் கர்னல் ஆல்காட். திரும்பிவந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். ஒருவருக்கு மணிமேகலை பொருள் காண வேண்டிய பழம்பிரதி. இன்னொருவருக்கு அது தன் வீட்டுப் பத்திரம். முதலாமவரைத் தமிழ் வரலாறு தாத்தா என்று கொண்டாடியது. இரண்டாமவர் பெயர் எனக்குப் பாடம் நடத்திய எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

1907 ஜூன் 19ஆம் தேதி அவர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது 'தமிழன்' ஆயிற்று. புத்தரது ஆதிவேதத்தை 1912இல் நூலாக வெளியிட்டார். இங்கிலீஷ்காரர்கள் எழுதிய பௌத்தத்தை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், திருக்குறள், ஔவை வாக்கு, நிகண்டுகள், ஓலைச்சுவடிகள், சேரி வழக்காறுகள் இவற்றிலிருந்து ஒரு தமிழ்ப் பௌத்தத்தைக் கட்டினார். 1914இல் அவர் காலமான பிறகும் அது நிற்கவில்லை. கோலார் தங்கவயலிலிருந்து 1926 முதல் கோ. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' மறுபடி வந்தது. அங்கேதான் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை மறுபதிப்புப் போட்டது. இவற்றைப் படித்தவர்களில் பெரும்பாலோர் மண்ணுக்குள் இறங்கி வேலை செய்த கூலிகள். தாத்தாவின் பெட்டிக்குள் இருந்தது அந்த மறுபதிப்புகளில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இதே சங்கத்தோடு நின்றவர் வேதியியல் பேராசிரியர் பொ. லட்சுமி நரசு. பௌத்தத்தின் சாரம் பற்றி 1907இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலை 1948இல் முன்னுரை எழுதி மறுபடி பதிப்பிக்கச் செய்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். சென்னையில் எழுதிய புத்தகம் பம்பாய்க்குப் போய், நாற்பது வருசம் கழித்து வேறொரு சேரிப்பிள்ளையின் மேசையில் இருந்திருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கும் பௌத்தம் புத்தகமாகத்தான் வந்தது. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்காக எழுதிய ஒரு முன்னுரையில் அவரே இதைச் சொல்கிறார். ஆங்கில நான்காம் வகுப்பு தேறியதற்குத் தெருவார் நடத்திய பாராட்டுக் கூட்டத்தில் கேளுஸ்கர் என்பவர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தாராம். அதைப் படித்துவிட்டுச் சிறுவன் தன் அப்பாவிடம் சண்டை போட்டிருக்கிறான்: இராமாயணத்தையும் பாரதத்தையும் படிக்கச் சொன்னீர்களே, இதை ஏன் கண்ணில் காட்டவில்லை? இந்த முன்னுரை 1957இல் வந்த முதல் பதிப்பில் இடம்பெறவில்லை. நூலை அச்சிட இருபதாயிரம் ரூபாய் ஆகும், நூலகங்களுக்கு ஐந்நூறு படிகள் வாங்கிக்கொள்ள முடியுமா என்று 1956 செப்டம்பரில் பிரதமர் நேருவுக்கு அவர் கடிதம் எழுதினார். புத்தர் ஜெயந்திக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. இந்திய அரசியல் சட்டத்தை எழுதியவருக்கே புத்தரைப் பற்றி ஒரு புத்தகம் போடுவது இந்தப் பாடு. நம்மவர் கூலிக்காசில் அச்சடித்த புத்தகம் எப்பேர்ப்பட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு நண்பரிடம் கடன் வாங்கிப் புரட்டிக்கொண்டு வந்தேன். தீபவதி ஆறு, எள்ளிலிருந்து நெய் கண்ட பிக்குகள், எண்ணெய் தேய்த்துக் குளித்த குடிகள்; எல்லாம் இருந்தது. 1907இல் எழுதியது. ஆயா சொன்னதேதான், ஆற்றின் பெயர் மட்டும் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. ஆயா செத்து அப்போது இரண்டு வருசம். படித்துக்காட்ட ஆளில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் இது ஒரு பெருமைக் கதை. ஆனால் தொகுதிகளை முழுக்கப் படித்தபோது எனக்கு இரண்டு சங்கடங்கள் வந்தன, அவற்றை மறைக்க விரும்பவில்லை.

ஒன்று, தீபவதிக் கதைக்கு வரலாற்றுச் சான்று இல்லை. பண்டிதர் காட்டும் சொற்பிரிப்புகள் பலவற்றை மொழியியல் ஏற்காது. ஆனால் நரகாசுரன் கதைக்கு மட்டும் எந்தக் கல்வெட்டு இருக்கிறது? அவன் புராணம் பாடப்புத்தகத்தில் ஏறுகிறது, நம்முடையது வகுப்பில் சிரிப்பாகிறது. நான் அதை நடந்த சம்பவமாகப் படிக்கவில்லை. கொலையைக் கொண்டாடச் சொன்ன கதைக்கு எதிரில், கண்டுபிடிப்பைக் கொண்டாடும் கதை ஒன்றை வைத்த மனசாகப் படிக்கிறேன்.

இரண்டாவது, இதைவிடக் கனமானது. பறையர் என்று இழிவுபடுத்தப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள் என்று நிறுவிய பண்டிதர், சக்கிலியர், தோட்டி, குறவர், வில்லியர் ஆகியோரை அவர்களோடு சேர்க்காமல் இயல்பிலேயே தாழ்ந்தவர்களாகப் பிரித்து எழுதியிருக்கிறார். அருந்ததியத் தோழர்கள் இதைச் சுட்டிக்காட்டியபோது நம்மில் பலர் கோபப்பட்டோம். 'அந்தக் காலம் அப்படி' என்று சப்பைக்கட்டு கட்டினோம். பார்ப்பனர்கள் மனுவுக்குச் சொல்லும் சமாதானமும் இதுதானே?

அங்குத்தர நிகாயத்தில் காலாமர்களுக்குப் புத்தர் சொன்ன போதனை ஒன்று உண்டு. பரம்பரையாக வருகிறது என்றோ, நூலில் இருக்கிறது என்றோ, சொல்பவர் நம் குரு என்றோ எதையும் ஏற்காதே, உனக்கும் பிறர்க்கும் தீங்கா நன்மையா என்று நீயே பார் என்பது அதன் சாரம். நூலில் இருக்கிறது என்பதால் ஏற்காதே என்று சொன்ன ஒருவரை நாம் நூல் வழியாகத்தான் அடைந்தோம். அப்படியானால் பண்டிதரையும் இந்த உரைகல்லில் உரசித்தான் ஆக வேண்டும். அதில் அவருக்கு அவமரியாதை இல்லை.

தங்கவயல் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. தாத்தா உட்கார்ந்து படித்த வாசலில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கிறோம். போன மாதம் அந்தப் பக்கத்தையும் விடாமல் படித்தோம். பக்கத்து அருந்ததியர் தெருவிலிருந்து வரும் தம்பி எங்களோடு உட்கார்ந்திருந்தான். படித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. அவன்தான் கேட்டான்: "அண்ணே, இத எங்க ஆயாகிட்ட எப்பிடிப் படிச்சிக் காட்டுறது?"

பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அடுத்த ஞாயிறு அவர்கள் தெருவில், அந்த ஆயா வீட்டு வாசலில் கூடுவது என்று மட்டும் முடிவாயிற்று.