கிருமியின் வழித்தொடர்

ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் அறிவிப்பாளர் தொடரை ஆராய்வது ஹதீஸ்கலை அறிஞர்தம் மரபு. கிருமிக்கும் அத்தகைய தொடருண்டு என்பதைத் தென்னாப்பிரிக்காவில் நாம் காண்கிறோம்.

2017இல் அங்கே லிஸ்டீரியா நோய் பரவிற்று. பச்சிளங் குழந்தைகளே பெரிதும் பாதிக்கப்பட்டனர். உண்டபின் நோய் தோன்றப் பல வாரங்கள் ஆகலாம். எவ்வுணவு காரணமென்று எவர் நினைவுகூர இயலும்? எனவே, நோயாளரிடம் கண்ட கிருமிகளின் டி.என்.ஏ. எழுத்து வரிசையை ஆய்வாளர் படித்தனர். பத்தில் ஒன்பது ஒரே வழியில் வந்தவை. ஆகவே மூலமும் ஒன்றாகலாம் எனத் தெளிந்தனர்.

2018 ஜனவரியில் சொவேட்டோவில் காப்பகச் சிறார் சிலர் நோயுற்றனர். அங்குக் குளிர்பெட்டியிலிருந்த ‘போலோனி’ என்னும் பதனிட்ட இறைச்சி, ஆய்வாளரைப் பொலோக்வானே நகரத் தொழிற்சாலைக்கு இட்டுச் சென்றது. அங்கும் அதே கிருமி! மார்ச் 4இல் அரசு உண்மையை அறிவித்து, அவ்விறைச்சியைத் திரும்பப் பெறச் செய்தது. நோய் தணிந்தது. ஆயினும் நோயுற்றோர் 1,060 பேர். மாண்டோர் 216 பேர்.

உணவு ஹலாலாக இருப்பதோடு தூயதாகவும் இருத்தல் வேண்டுமென்பது நம் மார்க்கநெறி. தூய்மை காவாத வணிகர், யார் அறிவார் என்றிருத்தல் இனி இயலாது.